டிரைவர் சேர்த்த பத்துப் பேர்

அவரை நான் டிரைவர் என்றுதான் கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றார். டயாலிசிஸ் ஹாலில் தொங்கிய பலகையில் எங்கள் இருவர் பெயரும் அடுத்தடுத்து எழுதியிருக்கும். வாரத்துக்கு மூன்று நாள், மூன்று வருஷம் அதைப் பார்த்தும் இரண்டு பேருமே அந்தப் பெயர்களைப் பயன்படுத்தவில்லை. இப்போது எழுதினால் அவருக்கே யாரோ மாதிரி இருக்கும். அதனால் டிரைவர்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். முகப்பு நீண்ட பெரிய வண்டி. பின்னால் நாலு பேர், எதிரில் நாலு பேர், டிரைவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். மொத்தம் பத்து. சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், "சட்டம் ஏறுச்சின்னா அதுக்கும் எடம் குடுப்பேன்" என்பார்.

எனக்கு நேரம் முக்கியம். கடலோரத்தில் அணு ஆராய்ச்சி செய்யும் அலுவலகத்தில் ஸ்டோர்ஸ் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள்கூட லேட் கிடையாது. ஓய்வு பெற்ற மறுவருஷம் சிறுநீரகம் இரண்டும் ஓய்வு பெற்றன. முதன்முதலாக டயாலிசிஸுக்குப் போன நாள் அவர் வண்டியில்தான் ஏறினேன். ஒன்பது பேர் உட்கார்ந்தாயிற்று. வண்டி நகரவில்லை. பத்து நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன்.

"ஏழு மணிக்கு எனக்கு டயாலிசிஸ் இருக்கு. கிளம்புங்க."

"எனக்கும்தான் மேடம். அதே ஏழு மணிதான். இன்னும் ஒரு ஆளு வரட்டும்."

நக்கல் செய்கிறார் என்று நினைத்துக் கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஏழே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் என்னை இறக்கிவிட்டு, வண்டியை மரத்தடியில் நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, என் பின்னாலேயே வந்து பக்கத்துப் படுக்கையில் படுத்தார். டெக்னீஷியன் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார். என் வாழ்நாளில் லேட்டுக்காக நான் வாங்கிய முதல் திட்டு அது.

"காலி சீட்டோட போனா வண்டி கனக்கும் மேடம்" என்றார் டிரைவர், ஊசி குத்தக் கையை நீட்டியபடி. இதற்கு விஞ்ஞான விளக்கம் ஏதாவது இருக்குமா என்று நாலு மணி நேரம் யோசித்தேன். இல்லை.

ஆள் சேர்ப்பதற்கு அவரிடம் ஒரே உத்திதான். ரோட்டில் நிற்பவரிடம், "ஒம்போது பேரு ஏறிக்கினாங்க, நீ ஒருத்திதான் பாக்கி, சீக்கிரம் வா" என்பார். அப்போது வண்டியில் ஒருவர்கூட இருக்க மாட்டார். ஏறி உட்கார்ந்த பிறகு அந்த அம்மாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "எங்கடா ஒம்போது பேரு?" என்று கேட்டால், "வந்துகினே கீறாங்க" என்பார். ஆச்சரியம் என்னவென்றால், வந்துவிடுவார்கள். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது களைப்பில் அவரால் ஓட்ட முடியாது. வேறொருவர் ஓட்டுவார். அப்போதும் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி ஆள் கூப்பிட்டுக்கொண்டுதான் வருவார்.

எங்கள் ஹாலில் எட்டுப் படுக்கை. ஒரு மழைக்காலத்தில் ஆறாம் படுக்கைப் பெரியவர் வருவது நின்றது. ஊருக்குப் போயிருக்கிறார் என்றார் டெக்னீஷியன். அது எந்த ஊர் என்று ஹாலில் எல்லோருக்கும் தெரியும். டிரைவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் அந்தக் காலிப் படுக்கையைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். மூன்றாம் வாரம் ஒரு பூக்கார அம்மாளைக் கையோடு கூட்டிவந்துவிட்டார். வண்டியில் ஏறும்போது அவள் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தாராம். அவள் முடியவே முடியாது என்று சண்டை போட, சவாரியை அப்படியே ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, ரத்தம் எடுக்க வைத்திருக்கிறார். இன்னும் பத்து நாள் போயிருந்தால் அந்த அம்மாள் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் அவரைப் பாராட்டினார்.

"பெட்டு சொம்மா கெடந்துச்சே மேடம்" என்றார் என்னிடம். அன்றைக்கு நாலு மணி நேரமும் குறட்டை விட்டுத் தூங்கினார்.

கொரோனா வந்தது. இரண்டு ஊசி போட்டுக்கொண்டோம். பிறகு பூஸ்டர் என்று மூன்றாவது வந்தது. எங்கள் டாக்டர் சின்னப் பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. ஹால் நடுவில் நின்று, "மத்தவங்களுக்கு வந்தா ஜுரம். உங்களுக்கு வந்தா உசிரு போயிடும். மூணாவது ஊசி போட்டே ஆகணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முகாமிலேயே எட்டுப் பேரில் நாலு பேர் டவுனில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு பேருக்கு இரண்டாவது ஊசி போட்டு இன்னும் ஒன்பது மாதம் ஆகவில்லை. மிச்சம் நானும் டிரைவரும். முகாமுக்கு நான் அவர் வண்டியில் போனதுதான் தப்பு. வண்டி நிரம்பி, போய்ச் சேர்ந்தபோது மேஜையை மடித்துக்கொண்டிருந்தார்கள். மருந்து தீர்ந்துவிட்டது, அடுத்து எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். வழி முழுக்க அவரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

படூரில் இருக்கும் என் மகன், "மூணாவது போட்டப்புறம் வாம்மா, இங்க பசங்க ஸ்கூல் போயிட்டு வராங்க" என்று சொல்லியிருந்தான். பேரனைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊர் ஊராகப் போன் போட்டு விசாரித்தேன். மாமல்லபுரம் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிஸ்டர் போனை எடுத்தார்.

"ஸ்டாக் இருக்கு மேடம். ஆள்தான் இல்ல. ஒரு குப்பியில பத்து டோஸ். உடைச்சா நாலு மணி நேரத்துல முடிச்சாகணும். உங்க ஒருத்தருக்காக உடைச்சேன்னா மீதி ஒம்போதையும் கீழ கொட்டணும். மேல இருந்து என்னைத்தான் கேப்பாங்க. பத்துப் பேரா வாங்க."

டிரைவரிடம் சொன்னேன். படுக்கையில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார், மெஷின் அலறியது.

"எத்தினி பேரு?"

"பத்து."

"நம்ம வண்டிதான் மேடம் அது" என்றார். பெண் பார்த்துவிட்டு வந்தவர் மாதிரி ஒரு முகம்.

சும்மா பத்துப் பேர் போதாது. அப்போது அரசு ஊசி அறுபது வயது தாண்டியவர்களுக்குத்தான். எனக்கும் டிரைவருக்கும் தாண்டியிருந்தது. உடம்பில் ஒரு வியாதியாவது இருக்க வேண்டும். இரண்டாவது போட்டு ஒன்பது மாதம் ஆகியிருக்க வேண்டும். முதல் இரண்டும் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனியாக இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற மாதிரிதான். டிரைவர் சவாரியில் ஏறுகிற கிழவர்களையெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தார்.

"பெரிசு, வயசு இன்னா?"

"அறுவத்தி நாலு."

"சுகர் கீதா?"

"அதெல்லாம் இல்லப்பா."

"பிரஷரு? மூச்சு எரைக்குமா? ஆஞ்சியோ கீஞ்சியோ?"

"சாமி புண்ணியத்துல ஒண்ணும் இல்ல."

"அட போ பெரிசு, பேஜாரு புட்ச்ச ஆளா கீற."

ஆரோக்கியமாக இருந்ததற்காகத் திட்டு வாங்கிக்கொண்டு அந்தப் பெரியவர் இறங்கிப் போனதை நானே பார்த்தேன்.

ஒவ்வொரு டயாலிசிஸிலும் நிலவரம் சொல்வார். கல் செதுக்கிச் செதுக்கி நுரையீரல் கெட்ட சிற்பி ஒருவர். மீன் விற்கும் அக்காள் தங்கை, இரண்டு பேருக்கும் சர்க்கரை. சர்ச்சில் மணி அடிப்பவர், நெஞ்சில் ஸ்டென்ட். "ஆறு ஆச்சி மேடம்." "ஏழு. ஆனா ஏழாவது ஆளு ஊசின்னா பயப்படுது." எல்லோரிடமும் அதே உத்திதான். ஒம்போது பேரு சேந்துட்டாங்க, உன் ஒரு ஆளுக்காகத்தான் நிக்கறாங்க. ஒன்பது பேரைக் காக்க வைத்த பாவம் நமக்கு எதற்கு என்று ஒவ்வொருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி கிளம்பியது. முதலில் ஏறியது நான். வழியில் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு, குப்பத்து முனையில் அக்காள் தங்கையை ஏற்றியதும் வண்டி நிறைந்தது. டிரைவர் திரும்பி ஒரு தடவை விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு அவர் ஓட்டிய வேகத்துக்கு எனக்கு பிரஷர் ஏறிவிட்டது. இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை. சிஸ்டர் அளந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் உக்காருங்க, எறங்கட்டும், உங்களுக்குக் கடைசியா போடறேன்" என்றார்.

குப்பியை உடைத்தார்கள். ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். டிரைவர் வாசலில் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்பது பேர் முடிந்து, என் பிரஷரும் இறங்கி, நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். டயாலிசிஸ் ஊசி குத்துகிற இடது கையில் வேறு ஊசி போடக்கூடாது. வலது பக்கம் ஜாக்கெட் கையைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். சிஸ்டர் மருந்தை ஊசியில் ஏற்றினார். அந்தச் சமயம்தான் டிரைவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைக் கையை மடித்தபடி உள்ளே வந்தார்.

"நீங்க யாருப்பா?" என்றார் சிஸ்டர்.

"ஊசி போட்டுக்க வந்தவன்மா."

"பத்து ஆச்சே. இவங்கதான் பத்தாவது."

டிரைவர் வாசலுக்குப் போய்ப் பெஞ்சைப் பார்த்து எண்ணினார். உள்ளே வந்து என்னைச் சேர்த்துக்கொண்டார். "பின்னால நாலு, எதுருல நாலு, சைடுல ரெண்டு. பத்து. சரியாத்தானம்மா கீது."

"உங்களோட பதினொண்ணுப்பா."

"நானு டிரைவராச்சேம்மா" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிரைவரும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சில குப்பியில் பதினொன்றாவது டோஸும் தேறும் என்று சிஸ்டர் குப்பியைத் தலைகீழாகப் பிடித்துச் சுண்டிப் பார்த்தார். கால் ஊசிகூடத் தேறவில்லை. இன்னொரு குப்பி உடைக்க இன்னும் ஒன்பது பேர் வேண்டும். சிரிப்பு நின்றது.

"ரெண்டு பேரும் டயாலிசிஸ். நீங்களே பேசிச் சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

நான் எழுந்து, "நீங்க போட்டுக்கோங்க டிரைவர்" என்று சொன்னதாக இந்த இடத்தில் எழுதலாம். அங்கே இருந்த யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆனால் நான் எழுந்திருக்கவில்லை. டவுன் முகாமில் எனக்கு ஊசி தவறியதே இவரால்தானே என்று நினைத்தேன். பேரனை நினைத்தேன். ஜாக்கெட் கையைத் தூக்கிவிட்டாயிற்றே என்பதுகூட ஒரு காரணமாகத் தோன்றியது. உண்மை என்னவென்றால், எனக்குச் சாகப் பயமாக இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மேடத்துக்குப் போடும்மா. ஏறிக் குந்திக்கினவங்கள எறக்கிவுட்டு டிரைவரு போவ முடியுமா? நான் அடுத்த ட்ரிப்பு பாத்துக்கறேன்."

ஊசி வலிக்கவில்லை. திரும்பும்போது என்னை அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். "இன்னா மேடம், மூஞ்சி தொங்கிப் போச்சி? கை வலிக்குதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அடுத்த டிரிப்புக்குப் பட்டியலை நானே எழுதினேன். ஸ்டோர்ஸில் எழுதின கை. முதல் வரியில் அவர் பெயர், அடியில் இரண்டு கோடு. கீழே ஒன்பது பேர் சேர ஒரு மாதம் ஆயிற்று. அன்றைக்கு நான் போகவில்லை, எனக்கு அங்கே வேலையில்லை. மறுநாள் டயாலிசிஸில் ஆவலோடு கேட்டேன்.

"ஆச்சா?"

"பத்து பேருக்கும் ஆச்சி மேடம்."

"உங்களுக்கு?"

டிரைவர் மின்விசிறியைப் பார்த்தார். "வழில ஒரு அம்மா கை காட்டிச்சி மேடம். வயசும் கீது, மூச்சு எரைக்குது அதுக்கு. எங்க போறீங்கன்னு கேட்டுச்சி. ஊசிக்குன்னேன். எனுக்கும் போடுவாங்களான்னு ஏறிடுச்சி. ஏறிட்ட பின்னால இன்னா பண்றது?"

"உங்க பேரை நான் முதல்ல எழுதியிருந்தேனே! அறிவிருக்கா உங்களுக்கு? உங்களை நீங்க எண்ணவே மாட்டீங்களா?"

ஹாலே திரும்பிப் பார்த்தது. "கத்தாத மேடம், பிரஷரு ஏறிடும்" என்றார். அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அவர் மேல் கோபமா, என் மேல் கோபமா என்று அப்போது கேட்டிருந்தால் அவர் மேல்தான் என்று சொல்லியிருப்பேன்.

மூன்றாவது டிரிப் சேரவே இல்லை. வெயில் ஏறிவிட்டது, கொரோனா போய்விட்டது என்று ஜனங்கள் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள். என் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். இரண்டு பேர் வருகிறேன் என்றார்கள், அதில் ஒருவர் மனசு மாறிவிட்டார். ஞாயிறு முகாம் எங்காவது நடந்தால் டிரைவரைப் போகச் சொன்னேன். "ஞாயித்துக்கெழம பீச்சுக்கு ஜனம் வர்ற நாளு மேடம், வண்டி தானா ரொம்பும்" என்றார். அவருடைய உத்தி மட்டும் மாறவில்லை. "எட்டு பேரு சேந்துகினாங்க மேடம்" என்று என்னிடமே சொல்லிப் பார்த்தார். ஒருவர்கூட இல்லை என்று எனக்குத் தெரியும்.

ஆனி மாதம் செங்கல்பட்டுப் பக்கம் கொரோனா மறுபடி கொஞ்சம் கிளம்பியது. ஒரே வாரத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஜுரம். என்னைத் தனி அறையில் வைத்து டயாலிசிஸ் செய்தார்கள். நாலு நாள் ஜுரம். ஐந்தாம் நாள் ரசம் சாதம் கேட்டேன். டாக்டர், "நல்ல வேளை, பூஸ்டர் போட்டீங்க. இல்லேன்னா..." என்றார். சுற்றி வளைக்கத் தெரியாத பெண், அந்த வாக்கியத்தை மட்டும் முடிக்கவில்லை. டிரைவருக்கு மூன்றாம் நாளே மூச்சு வாங்கியிருக்கிறது. எட்டாம் நாள் போய்விட்டார். நான் திரும்பி ஹாலுக்கு வந்தபோது பூக்கார அம்மாள்தான் சொன்னாள். அவளும் அழுதாள், நானும் அழுதேன். மெஷின் ஓடும்போது கண்ணைத் துடைக்க ஒரு கைதான் இருக்கும்.

ஆடி பிறந்து அவர் வீட்டுக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு காலனி. தெருமுனையில் ஷாமியானா போட்டு ஊசி முகாம் வைத்திருந்தார்கள். பதினெட்டு தாண்டிய யார் வேண்டுமானாலும் வரலாம், ஒருவர் வந்தாலும் குப்பியை உடைக்கிறோம் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் எல்லாம் காலி. தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை என்று அங்கிருந்த நர்ஸ் அலுத்துக்கொண்டார்.

டிரைவரின் சம்சாரம் காலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். சர்க்கரைப் புண். டீ போட்டுக் கொடுத்தாள். "நீங்க ஊசி போட்டுக்கலையாம்மா? வாசல்லயே போடறாங்களே" என்றேன், பேச்சுக்கு.

"எதுக்கு மேடம்? அவுருதான் போட்டுகினாரே மூணாவது. மாமல்லபுரம் போயி, பத்து பேர சேத்துகினு. 'ஊசி ஆயிப்போச்சி'ன்னு சிரிச்சிகினே வந்தாரே. போட்டும் பூட்டாரு. அப்பறம் இன்னாத்துக்கு அந்த ஊசி? நான் போட மாட்டேன். இந்தத் தெருவுல ஒருத்தரயும் போட வுட மாட்டேன்."

ஆயிப்போச்சு என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். யாருக்கு என்று சொல்லவில்லை.

டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். டம்ளர் ஆறுகிற வரை கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அவர் போட்டுக்கலைம்மா. கடைசியா ஒரு ஊசிதான் மிச்சம் இருந்தது. நானும் அவரும் நின்னோம். அதை நான் போட்டுக்கிட்டேன்."

அவள் கட்டுப் போட்ட காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் நகர்ந்தாள்.

"உனக்கு வந்துச்சா கொரோனா?"

"வந்தது. அவருக்கு வந்த அதே வாரம்."

"எத்தினி நாளு?"

"நாலு நாள் ஜுரம்."

என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் சுவரைப் பிடித்து எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, என் வலது கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"ஏ, வெளிய வாங்கடி. நான் தப்பா சொல்லிட்டேன். எங்க வூட்டுக்காரரு ஊசி போடல, பூட்டாரு. இந்தம்மா போட்டுகினு பொழச்சிகினு கீது, பாத்துக்கோங்க. நீயே சொல்லும்மா."

நான் சொன்னேன். பிறகு அடுத்த வீடு. அங்கேயும், அவருக்குப் போட வேண்டியதை நான் போட்டுக்கொண்டேன் என்று சொன்னேன். அந்தத் தெருவில் பதினேழு வீடு.